ஆர் மொழியில் அடர்த்தி வரைபடம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புள்ளியியலுக்கான நிரல்மொழியான ஆர் கற்பவர்கள், தரவைப் பெட்டிகளாகப் பிரித்து எண்ணிக் காட்டும் ஹிஸ்டோகிராமைத் தாண்டியதும் வந்து சேரும் இடம் டென்சிட்டி பிளாட், அதாவது அடர்த்தி வரைபடம். வந்தவுடன் பெரும்பாலும் கேட்பது, "நிறத்தை எப்படி மாற்றுவது?" என்றுதான். அதற்கும் கீழே பதில் உண்டு. ஆனால் இந்தப் படத்தில் முதலில் கை வைக்க வேண்டிய இடம் நிறம் இல்லை, பேண்ட்விட்த், அதாவது வளைவை எவ்வளவு வழவழப்பாக்குவது என்ற அளவு. அது பொருந்தாமல் போனால், படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் தரவில் இல்லாத கதையைச் சொல்லிவிடும். அதனால்தான் கேள்விகளை இந்த வரிசையில் அடுக்கியிருக்கிறேன்.

எடுத்துக்காட்டுகள் எல்லாம் ஆருடன் சேர்ந்தே வரும் தரவுகளிலிருந்து: ஃபெய்த்ஃபுல், ஏர்குவாலிட்டி, ஐரிஸ். எதையும் தரவிறக்க வேண்டாம். கட்டளைப் பெயர்களை உச்சரிப்பின்படி தமிழில் எழுதியிருக்கிறேன். ஆரில் அடிக்கும்போது ஆங்கிலச் சிற்றெழுத்தில் அடியுங்கள்; எஸ்ஜே, ட்ரூ, ஃபால்ஸ் மூன்றை மட்டும் பேரெழுத்தில்.

ஹிஸ்டோகிராம் இருக்கும்போது இது எதற்கு?

அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவில் ஓல்ட் ஃபெய்த்ஃபுல் என்றொரு வெந்நீர் ஊற்று இருக்கிறது. கொஞ்ச நேரம் பீறிட்டு அடிக்கும், அடங்கும், மறுபடி அடிக்கும். ஃபெய்த்ஃபுல் தரவில் அப்படிப்பட்ட 272 பீறிடல்கள் பதிவாகியிருக்கின்றன. ஒவ்வொன்றும் எத்தனை நிமிடம் நீடித்தது, அடுத்ததற்கு எத்தனை நிமிடம் காத்திருக்க வேண்டியிருந்தது என்று இரண்டு நெடுவரிசைகள்.

நீடித்த நேரத்தை ஹிஸ்டோகிராமாகப் போட்டால், பெட்டிகளை 1.5-இல் தொடங்குவதா 1.6-இல் தொடங்குவதா என்பதைப் பொறுத்தே படத்தின் உருவம் கொஞ்சம் மாறும். அடர்த்தி வரைபடத்தில் இந்தத் தொடக்கப்புள்ளிச் சிக்கல் கிடையாது. 272 அளவீடுகளில் ஒவ்வொன்றின் மேலும் ஒரு சின்ன மணல் மேட்டைக் கொட்டுகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மேடுகள் நெருங்கி விழும் இடத்தில் மணல் உயரும், அளவீடே இல்லாத இடத்தில் தரை தெரியும். கடைசியில் மணலின் மேற்பரப்பு எந்தக் கோட்டில் நிற்கிறதோ அதுதான் அடர்த்தி வளைவு. அந்தச் சின்ன மேட்டின் வடிவத்துக்குக் கெர்னல் என்று பெயர், அது எவ்வளவு பரந்து விழுகிறது என்பதுதான் பேண்ட்விட்த். 1956-இல் ரோசன்பிளாட்டும் 1962-இல் பார்சனும் எழுதிய கட்டுரைகளிலிருந்து வளர்ந்த முறை இது.

பேண்ட்விட்த்தை நான் கொடுக்கவில்லையே, ஆர் எங்கிருந்து எடுக்கிறது?

ஒரு சூத்திரத்திலிருந்து. திட்ட விலக்கத்தை ஒரு பக்கம் வையுங்கள். கால்மான வீச்சை, அதாவது மூன்றாம் கால்மானத்துக்கும் முதல் கால்மானத்துக்கும் உள்ள இடைவெளியை, 1.34-ஆல் வகுத்து இன்னொரு பக்கம் வையுங்கள். இரண்டில் சிறியதை 0.9-ஆல் பெருக்கி, அளவீடுகளின் எண்ணிக்கையின் ஐந்தாம் மூலத்தால் வகுத்தால் விடை வந்துவிடும். சில்வர்மன் விதி என்பது இதுதான். ஆர் இதற்கு என்ஆர்டி0 என்று பெயர் வைத்திருக்கிறது.

ஊற்றுத் தரவில் இது 0.3348 நிமிடம். திட்ட விலக்கம் 1.14, 272-இன் ஐந்தாம் மூலம் ஏறக்குறைய 3.07. ஒரு தாளில் நீங்களே போட்டுப் பாருங்கள். ஒரு முறை கையால் போட்டவருக்கு இது மந்திரமாகத் தெரியாது.

இந்த விதி ஒற்றைக் குன்று போன்ற தரவை மனத்தில் வைத்து உருவானது. தரவில் இரண்டு குன்றுகள் இருந்தால் திட்ட விலக்கம் பெரிதாகும், அதனால் பேண்ட்விட்த்தும் பெரிதாகி, குன்றுகள் தேவைக்கு மேல் மழுங்கும். நம் ஊற்று அப்படிப்பட்டதுதான். 97 பீறிடல்கள் 3 நிமிடத்துக்குள் முடிந்திருக்கின்றன, மற்ற 175 அதற்கு மேல் போயிருக்கின்றன. நடுவில் ஏறக்குறைய வெறுமை. இப்படிப்பட்ட தரவுக்கு டென்சிட்டி கட்டளையில் பிடபிள்யூ என்ற இடத்தில் எஸ்ஜே என்று மேற்கோள் குறிக்குள் கொடுங்கள். ஷீதரும் ஜோன்ஸும் 1991-இல் வெளியிட்ட முறை அது. ஊற்றுத் தரவுக்கு அது தரும் பேண்ட்விட்த் 0.14. முந்தையதில் பாதிகூட இல்லை. பள்ளத்தாக்கு சட்டென்று ஆழமாகிவிடும். டென்சிட்டியின் உதவிப்பக்கமே எஸ்ஜே முறையைப் பரிந்துரைக்கிறது. பழைய நிரல்களோடு ஒத்துப்போகத்தான் என்ஆர்டி0 இன்னும் இயல்பு மதிப்பாக நிற்கிறது. நான் எந்தப் புதுத் தரவையும் எஸ்ஜேயில்தான் முதலில் பார்க்கிறேன்.

அட்ஜஸ்ட் என்பது என்ன? எவ்வளவு வைக்கலாம்?

ஆர் கணக்கிட்ட பேண்ட்விட்த்தைப் பெருக்கும் எண் அது. 0.5 என்றால் பாதி, 2 என்றால் இரு மடங்கு.

சரியான எண் எது என்று கேட்பதை விட, ஊற்றுத் தரவில் மூன்று எண்களைப் போட்டு வரைந்து பாருங்கள். முதலில் 4. பேண்ட்விட்த் 1.34 நிமிடமாகிவிடும், இரண்டு குன்றுகளும் ஒன்றில் ஒன்று கரைந்து ஒரே மேடாகும். அந்தப் படத்தை மட்டும் பார்ப்பவர் இந்த ஊற்றுக்கு ஒரே வகைப் பீறிடல்தான் என்று முடிவு கட்டிவிடுவார். அடுத்து 1. சுமார் 2 நிமிடத்தில் ஒரு குன்று, 4.5 நிமிடத்தை ஒட்டி இன்னொன்று. கடைசியாக 0.05. பேண்ட்விட்த் ஏறக்குறைய ஒரே ஒரு வினாடி. வளைவு சீப்பின் பற்கள் போல நிமிர்ந்து நிற்கும்.

அந்தப் பற்களை வெறும் இரைச்சல் என்று தள்ளிவிடாதீர்கள். ஃபெய்த்ஃபுல் தரவின் உதவிப்பக்கமே அதைச் சொல்கிறது: இந்த நேரங்கள் வினாடியில் அளந்து முழுமையாக்கப்பட்டவை, அவற்றில் 5-இன் மடங்குகள் எதிர்பார்ப்பதை விட அதிகமாக வருகின்றன. கடிகாரத்தைப் பார்த்துக் குறித்த மனிதக் கை 5, 10, 15 என்ற இடங்களில் போய் நின்றிருக்கிறது. அதே 272 எண்களில் 0.05 காட்டுவது அளந்தவரை, 1 காட்டுவது ஊற்றை, 4 காட்டுவது இரண்டையும் இல்லை.

எனவே ஒரே படத்தோடு நிறுத்தாமல் 0.5, 1, 2 மூன்றையும் எப்போதும் வரைந்து பாருங்கள். மூன்றிலும் நிற்கும் குன்றை நம்பலாம். 0.5-இல் மட்டும் தலைகாட்டும் குன்றைப் பற்றி அறிக்கையில் எழுதும் முன் இன்னொரு முறை யோசியுங்கள்.

கெர்னலை மாற்றினால் என்ன ஆகும்?

பெரிதாக ஒன்றும் ஆகாது. காசியன், எபனெச்னிகோவ், முக்கோணம், செவ்வகம் என்று ஏழு வகைகள் இருக்கின்றன. ஆரில் எல்லாக் கெர்னலுக்கும் பேண்ட்விட்த் என்பது அந்தக் கெர்னலின் திட்ட விலக்கம். அதனால் வகையை மாற்றினாலும் வளைவின் பரவல் மாறாது. செவ்வகக் கெர்னலில் மட்டும் படிக்கட்டு மாதிரி வரும். காசியனிலேயே விட்டுவிடுங்கள்.

செங்குத்து அச்சில் 1-க்கு மேல் போகிறது. நிகழ்தகவு 1-ஐத் தாண்டலாமா?

நிகழ்தகவு தாண்டாது, அடர்த்தி தாண்டலாம். வளைவுக்குக் கீழே இருக்கும் மொத்தப் பரப்பு 1 என்பதுதான் விதி, உயரத்துக்கு வரம்பே இல்லை. ஊற்று வளைவின் உச்சம் நிமிடக் கணக்கில் 0.48. அதே தரவை வினாடியாக மாற்றி வரைந்தால் உச்சம் 0.008, மணியாக மாற்றினால் 29. மாறியது அலகு மட்டும்தான். ஐரிஸ் தரவில் செட்டோசா வகைப் பூவின் இதழ் நீளத்தை வரைந்தாலும் உச்சம் 2-ஐத் தாண்டும். எல்லாப் பூக்களும் 1 முதல் 1.9 சென்டிமீட்டருக்குள் நெருக்கியடித்து நிற்பதுதான் காரணம். அகலம் சுருங்கினால் உயரம் ஏறத்தானே வேண்டும்.

அந்த எண்கள் வாசகருக்குக் குழப்பம் தரும் என்று தோன்றினால் செங்குத்து அச்சின் எண்களை எடுத்தே விடலாம். வடிவத்தைக் காட்டுவதுதான் நோக்கம் என்றால் அதில் தவறில்லை.

என் தரவில் மைனஸ் எண்ணே இல்லை. வளைவு ஏன் பூஜ்யத்துக்கு இடப்பக்கம் போகிறது?

இந்தக் கேள்வியைக் கேட்பவரைக் கண்டால் எனக்கு மகிழ்ச்சி. படத்தை உற்றுப் பார்த்திருக்கிறார்.

ஏர்குவாலிட்டி தரவை எடுங்கள். நியூயார்க்கில் 1973 மே முதல் செப்டம்பர் வரை தினமும் எடுத்த அளவீடுகள். அதில் ஓசோனின் மிகக் குறைந்த மதிப்பு 1, மிக அதிகம் 168. அடிப்படை ஆரின் (கூடுதல் தொகுப்பு எதுவும் சேர்க்காத ஆரின்) டென்சிட்டி கட்டளை, இரு முனை அளவீடுகளையும் தாண்டி மூன்று பேண்ட்விட்த் தூரம் வரை வளைவை நீட்டும். அதைக் கட்டுப்படுத்தும் எண்ணுக்கு கட் என்று பெயர், இயல்பாக அது 3. ஓசோனுக்குப் பேண்ட்விட்த் சுமார் 11.5. ஆக வளைவு தொடங்கும் இடம் ஏறக்குறைய மைனஸ் 33. காற்றில் மைனஸ் 33 ஓசோன் என்று ஒன்று கிடையாது. ஆனால் படத்தில் அந்த இடத்திலும் ஒரு கோடு ஓடும்.

ஃப்ரம் என்ற இடத்தில் 0 கொடுத்தால் மைனஸ் பகுதி மறையும். பலர் அதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அது வால் தெரியாமல் கதவைச் சாத்துவது மட்டும்தான். அந்தப் பக்கம் வழிந்த மணல் அங்கேயே கிடக்கும், இந்தப் பக்கம் பரப்பு 1-க்குக் குறைந்தே இருக்கும், பூஜ்யத்தை ஒட்டிய உயரமும் உண்மையை விடத் தாழ்ந்திருக்கும்.

படம் வரைவதற்கான கூடுதல் தொகுப்பான ஜிஜிபிளாட்2 பயன்படுத்துபவர்களுக்கு மைனஸ் கண்ணில் படவே படாது. அது தரவின் குறைந்த மதிப்பிலிருந்து அதிக மதிப்பு வரை மட்டுமே வரைகிறது. ஆனால் வழிந்த மணலை அதுவும் தானாகத் திருப்பிப் போடுவதில்லை. ஆகவே சிக்கல் அங்கேயும் இருக்கிறது, பார்வைக்கு மறைந்திருக்கிறது, அவ்வளவுதான்.

சரி செய்ய இரண்டு வழிகள். ஜிஜிபிளாட்2-இன் புதிய பதிப்புகளில் ஜியோம் டென்சிட்டிக்கு பவுண்ட்ஸ் என்றொரு இடம் உண்டு. 0 முதல் முடிவிலி வரை என்று கொடுத்தால், அந்தப் பக்கம் வழிந்ததைக் கண்ணாடி பிம்பம் போல இந்தப் பக்கமே மடித்துவிடும். அடிப்படை ஆரில் இதை நீங்களே செய்யலாம்: முதலில் அசல் தரவுக்குப் பேண்ட்விட்த் கணக்கிட்டு வைத்துக்கொள்ளுங்கள். பிறகு தரவையும் அதன் மைனஸ் வடிவத்தையும் ஒன்றாகச் சேர்த்து, அதே பேண்ட்விட்த்துடன் 0-விலிருந்து அடர்த்தி கண்டு, வரும் உயரங்களை 2-ஆல் பெருக்குங்கள். இரண்டாவது வழி, மடக்கை அளவுகோலில் வரைவது. வருமானம், விலை, காத்திருப்பு நேரம் மாதிரி வலப்பக்கம் நீண்ட வால் உள்ள தரவுக்கு எனக்கு இதுதான் பிடித்தது. ஆனால் பூஜ்யமே மதிப்பாக இருந்தால் இது முடியாது.

மடக்கை என்றதும் ஒரு எச்சரிக்கை. ஸ்கேல் எக்ஸ் லாக்10 என்று எழுதினால் ஜிஜிபிளாட்2 முதலில் தரவுக்கு மடக்கை எடுத்து, அதன் பிறகே அடர்த்தி காணும். கோஆர்ட் டிரான்ஸ் என்று எழுதினால் முதலில் வளைவை வரைந்துவிட்டு, பிறகு தாளை வளைக்கும். இரண்டும் ஒரே படம் இல்லை.

"மிஸ்ஸிங் வேல்யூஸ்" இருப்பதாகப் பிழைச் செய்தி வருகிறது.

என்ஏ டாட் ஆர்எம் என்பதற்கு ட்ரூ கொடுங்கள். கொடுப்பதற்கு முன் எத்தனை விடுபட்டிருக்கின்றன என்று எண்ணிவிடுங்கள். ஓசோனில் 153 நாட்களில் 37 நாட்களுக்கு அளவீடு இல்லை. அந்த 37 எங்கே குவிந்து கிடக்கின்றன என்பது கீழே முக்கியமாகப் போகிறது.

படத்தைக் கொஞ்சம் பெரிதாக்க எக்ஸ்லிம் போட்டேன். வளைவே மாறிவிட்டதே?

மாறத்தான் செய்யும். ஜிஜிபிளாட்2-இல் எக்ஸ்லிம், எல்லைக்கு வெளியே உள்ள தரவைத் தூக்கிப் போட்டுவிட்டு மிச்சத்துக்கு மட்டும் அடர்த்தி காணும். வளைவைத் தொடாமல் கிட்டே போய்ப் பார்க்க கோஆர்ட் கார்ட்டீசியனுக்குள் எல்லையைக் கொடுங்கள். எல்லையை விரிக்க வேண்டுமானால், இரு முனையும் வெட்டுப்பட்ட மாதிரி நிற்கிறது என்றால், எக்ஸ்பேண்ட் லிமிட்ஸ் போதும்.

இரண்டு மூன்று குழுக்களை ஒரே படத்தில் எப்படிக் காட்டுவது?

ஜிஜிபிளாட்2-இல் ஃபில் என்ற இடத்தில் குழுவின் பெயரைக் கொடுத்து, ஆல்ஃபாவை, அதாவது நிறத்தின் ஒளிபுகாமையை, 0.3 அல்லது 0.4 வைத்தால், ஒன்றன் பின்னால் ஒன்று கண்ணாடித்தாள் போலத் தெரியும். ஆல்ஃபா கொடுக்க மறந்தால் முன்னால் இருக்கும் வளைவு பின்னால் இருப்பதை மறைத்துவிடும். குழு எண்ணாக எழுதப்பட்டிருந்தால், ஏர்குவாலிட்டியில் மாதம் 5, 6, 7 என்று இருப்பது போல, ஃபேக்டர் என்று மாற்றிக் கொடுங்கள். இல்லாவிட்டால் ஒரே வளைவுதான் வரும்.

மாற்றி வரைந்தால் ஐந்து மாதங்களுக்கு ஐந்து வளைவுகள், எல்லாமே வழவழப்பாக வரும். இப்போது ஜூன் வளைவைப் பாருங்கள். மற்றவற்றைப் போலவே நம்பிக்கையோடு நிற்கும். ஆனால் அந்த 37 விடுபட்ட நாட்களில் 21 ஜூனைச் சேர்ந்தவை. அந்த வளைவைத் தாங்குவது வெறும் 9 அளவீடுகள், அதே படத்தில் இருக்கும் செப்டம்பருக்கோ 29. எண்ணிக்கை குறைவு என்பதை அடர்த்தி வளைவு ஒருபோதும் வாய் திறந்து சொல்லாது. 9 புள்ளிகள் கொடுத்தாலும் 9,000 கொடுத்தாலும் அதே வழவழப்புடன்தான் வரும். ஹிஸ்டோகிராமாக இருந்தால் ஓட்டைப் பெட்டிகளே காட்டிக்கொடுத்திருக்கும். இந்த வரைபடத்தின் ஆகப் பெரிய குறை என்று நான் நினைப்பது இதைத்தான். மருந்து எளிது: ஜியோம் ரக் சேர்த்தால் அச்சின் அடியில் ஒவ்வொரு அளவீட்டுக்கும் ஒரு சின்னக் கோடு விழும், அடிப்படை ஆரில் ரக். கூடவே குழுப் பெயருக்குப் பக்கத்தில் எண்ணிக்கையையும் எழுதிவிடுங்கள்: ஜூன், 9 நாள்.

இன்னும் இரண்டு விஷயங்கள். ஒவ்வொரு குழுவின் பரப்பும் தனித்தனியே 1, அதனால் சிறிய குழுவும் பெரிய குழுவும் ஒரே எடையோடு தெரியும். எண்ணிக்கைக்கு ஏற்ற உயரம் வேண்டுமானால் ஒய் அச்சில் ஆஃப்டர் ஸ்டாட் கவுண்ட் கொடுங்கள். அடுத்து, ஜிஜிபிளாட்2 ஒவ்வொரு குழுவுக்கும் தனித்தனியாகப் பேண்ட்விட்த் கணக்கிடும். ஒப்பிடுவதுதான் நோக்கம் என்றால் பிடபிள்யூவில் ஒரே எண்ணைக் கொடுத்து எல்லாருக்கும் ஒரே அளவுகோல் வையுங்கள்.

நான்கு குழுக்களுக்கு மேல் போனால் மேலேமேலே போடுவதை விட்டுவிடுங்கள். ஃபேசட் ராப் கொண்டு தனித்தனிக் கட்டங்களில் காட்டலாம், அல்லது ஜிஜிரிட்ஜஸ் தொகுப்பின் ஜியோம் டென்சிட்டி ரிட்ஜஸ் கொண்டு மலைத்தொடர் மாதிரி ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கலாம். மாதம், ஆண்டு போல இயற்கையான வரிசை உள்ள குழுக்களுக்கு மலைத்தொடர் மிக அழகாகப் பொருந்தும்.

சரி, நிறம்?

ஜிஜிபிளாட்2-இல் கலர் என்பது கோட்டுக்கு, ஃபில் என்பது உள்ளே நிரப்புவதற்கு. கோட்டின் தடிமனுக்கு முன்பு சைஸ் என்று எழுதினோம். 3.4.0 பதிப்பிலிருந்து அது லைன்விட்த். பழைய பாடங்களைப் பார்த்து எழுதுபவர்களுக்கு எச்சரிக்கைச் செய்தி வருவது இதனால்தான்.

சிவப்பும் பச்சையும் பக்கத்துப் பக்கத்தில் வேண்டாம். அந்த இரண்டையும் பிரித்தறிய முடியாதவர்கள் உங்கள் வாசகர்களில் நிச்சயம் இருப்பார்கள். ஆர் 4.0-இலிருந்து பேலட் கலர்ஸ் என்ற கட்டளை இயல்பாகத் தருவது ஒகாபே-இட்டோ நிறங்கள், அவர்களையும் மனத்தில் வைத்துத் தேர்ந்தவை. கருப்பு வெள்ளையில் ஜெராக்ஸ் எடுக்கப்படும் என்று தெரிந்தால் நிறத்தோடு கோட்டு வகையையும் மாற்றுங்கள்.

அடிப்படை ஆரில் வளைவுக்குக் கீழே எப்படி நிரப்புவது?

முதலில் டென்சிட்டி விடையை பிளாட் செய்யுங்கள், பிறகு அதே விடையை பாலிகனுக்குக் கொடுங்கள். நிறத்தை அட்ஜஸ்ட்கலர் வழியாகக் கொடுத்தால் ஒளி ஊடுருவும். இரண்டாவது வளைவை லைன்ஸ் கொண்டு சேர்க்கும்போது அதன் தலை வெட்டுப்பட்டால், தொடக்கத்திலேயே ஒய்லிம்மை இரண்டின் உச்சத்துக்கும் இடம் வைத்துக் கொடுத்திருக்க வேண்டும்.

ஹிஸ்டோகிராமின் மேல் வளைவைப் போட்டேன், தரையோடு ஒட்டிக் கிடக்கிறது.

ஹிஸ்டோகிராம் எண்ணிக்கையில் இருக்கிறது, வளைவு அடர்த்தியில் இருக்கிறது. ஹிஸ்டோகிராமையும் அடர்த்திக்கு மாற்றுங்கள்: ஜிஜிபிளாட்2-இல் ஒய் அச்சுக்கு ஆஃப்டர் ஸ்டாட் டென்சிட்டி, அடிப்படை ஆரில் ஃப்ரீக் என்பதற்கு ஃபால்ஸ்.

சராசரியை ஒரு கோடாகக் காட்டலாமா?

ஜியோம் விலைன் அல்லது ஏபிலைன் கொண்டு காட்டலாம். கோடு எங்கே விழுகிறது என்பதையும் பாருங்கள். ஊற்றின் சராசரி 3.49 நிமிடம். அந்தக் கோடு நேராகப் போய் இரண்டு குன்றுகளுக்கு நடுவே உள்ள பள்ளத்தாக்கில் இறங்கும். அந்த அளவு நேரம் நீடித்த பீறிடல்கள் மிகச் சிலவே. இப்படி விழுந்தால் சராசரிக் கோட்டை எடுத்துவிட்டு இரண்டு உச்சங்களையும் குறியுங்கள்.

படத்துக்குக் கீழே பேண்ட்விட்த் என்று தானாக வருகிறதே, எடுத்துவிடலாமா?

அடிப்படை ஆர் அச்சின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் எண்ணிக்கையையும் பேண்ட்விட்த்தையும் எழுதிவிடும். எக்ஸ்லேப் கொடுத்து அங்கே "பீறிடல் நீடித்த நேரம் (நிமிடம்)" என்று உங்கள் சொற்களை வையுங்கள். ஆனால் அந்த இரண்டு எண்களையும் தொலைத்துவிடாமல் சப் வழியாகவோ படக்குறிப்பிலோ எழுதுங்கள். அவை இருந்தால்தான் இன்னொருவர் உங்கள் படத்தை அப்படியே மறுபடி வரைந்து சரிபார்க்க முடியும்.

அச்சுப் பெயர்களைத் தமிழில் எழுதினால் கட்டம் கட்டமாக வருகிறது, அல்லது கொம்பும் காலும் இடம் மாறி நிற்கின்றன.

கட்டம் வந்தால் எழுத்துரு இல்லை என்று அர்த்தம். நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற ஒன்றைக் கணினியில் நிறுவி, தீமுக்குள் எலிமென்ட் டெக்ஸ்ட் வழியாக அதன் பெயரைக் கொடுங்கள். கொம்பும் காலும் இடம் மாறினால், படத்தை எழுதும் சாதனத்துக்குத் தமிழ் எழுத்தைக் கோக்கத் தெரியவில்லை. "கொ" என்ற எழுத்தில் மெய்யின் முன்னும் பின்னும் குறி வர வேண்டும். அந்த வேலையைச் செய்வது ஹார்ஃப்பஸ் என்ற நிரலகம், ராக் தொகுப்பு அதைப் பயன்படுத்துகிறது. அதை நிறுவிய பிறகு ஜிஜிசேவ் கட்டளையில் டிவைஸ் என்ற இடத்தில் ராக்கின் ஏஜிஜி பிஎன்ஜி சாதனத்தைக் கொடுத்துச் சேமியுங்கள். ஆர்ஸ்டூடியோவின் படச் சாளரத்திலும் சரியாகத் தெரிய வேண்டுமானால் அமைப்புகளில் கிராஃபிக்ஸ் பகுதிக்குப் போய் பேக்எண்டை ஏஜிஜி என்று மாற்றுங்கள். "கொதிநீர்" என்று ஒரு தலைப்புக் கொடுத்து வரைந்து பாருங்கள். முதல் எழுத்து உடையாமல் வந்தால் மற்றவையும் பெரும்பாலும் வந்துவிடும்.